சரசம்மாவின் பாட்டுக்கு மூன்றாம் ஓலை

பாறசாலை புஷ்பபாயின் கிணற்றில் சரசம்மாவின் பாட்டு முதன்முதலாகக் கேட்டது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், துலாம் மாத மழை விட்ட மறுநாள் காலையில். அன்று நெய்யாற்றின்கரைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை இறங்கியிருந்தது; ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. புஷ்பபாய் வாளியை இறக்கினாள். வாளி தண்ணீரைத் தொட்ட இடத்திலிருந்து பல்லவி கிளம்பி மேலே வந்தது. பெண் குரல். பல்லவி முடிந்ததும் முதல் சரணத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாம் சரணத்துக்குத் தாவியது. கிணறு பாடுகிறதே என்று அவள் திடுக்கிடவில்லை. முதல் சரணத்தை விழுங்கிவிட்டதே என்றுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக் குனிந்து, விட்டுப்போன சரணத்தை முழுசாகப் பாடிக் காட்டினாள். கிணறு பாட்டை நிறுத்தியது. பிறகு, "அது யாரு?" என்று கேட்டது. "நான் பாறசாலையில இருந்து புஷ்பபாய். நீ யாரு?" என்றாள் இவள். "அம்பூரி. ஷியாமளா. அக்கா, அந்தச் சரணம் எனக்கு மறந்தே போச்சு. ஒருக்கா கூடி பாடுங்க" என்றது கிணறு. புஷ்பபாய் இன்னொரு தடவை பாடினாள். அன்று அவள் வீட்டில் காலைக் கஞ்சி தாமதமாயிற்று.

இரண்டு மாதத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் சுற்றியுள்ள கிணறுகளில், எதில் யார் குனிந்து பாடினாலும் மற்றவற்றில் கேட்டது. பேச்சும் கேட்டது, ஆனால் சரசம்மாவைப் பற்றிய பேச்சு மட்டும். மாட்டு விலையையோ மருமகள் குறையையோ சொன்னால் கிணறு அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பூவாரிலிருந்து வரும் பாட்டில் உப்பு இருக்கும். அங்கே வலை வீசுகிற பொன்னையன் விடிந்ததும் நாலு பாட்டு எடுத்துவிட்டான் என்றால், அன்றைக்கு எந்த வீட்டிலும் சோற்றுக்கு உப்புப் போட வேண்டியதில்லை. அம்பூரிப் பாட்டில் ரப்பர் ஷீட்டின் புகை வாசம் அடிக்கும். கள்ளிக்காட்டுக்காரர்கள்தான் பாவம். நெய்யாறு அணையில் ஷட்டரை அடைத்துவிட்டால் அவர்கள் பேசுவது அரை நாள் பிந்தி வரும். காலையில் கேட்ட கேள்விக்கு அவர்கள் ஆவேசமாகப் பதில் சொல்லும்போது சண்டை வேறு பாட்டுக்குப் போயிருக்கும். அவர்களும் விடாமல் பதில் சொன்னார்கள்.

சரசம்மா யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அறுபதுகளில் தமிழிலும் மலையாளத்திலும் கொஞ்சம் சினிமாப் பாட்டுகள் பாடிவிட்டுக் காணாமல் போன பாடகி. அவர் பாடிய படம் ஒன்றுகூட உருப்படியாக ஓடவில்லை. சென்னையில் அவரை மலையாளத்துக்காரி என்றார்கள், உச்சரிப்பு சரியில்லையாம். திருவனந்தபுரத்தில் அவரைத் தமிழச்சி என்றார்கள், உச்சரிப்பு சரியில்லையாம். எல்லையில் பிறந்தவர்கள் வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிற பேச்சு இது. அதனால் அந்த அம்மா பாடினால் இவர்களுக்குத் தங்கள் வீட்டு ஆள் பாடுகிற மாதிரி இருந்தது. இசைத்தட்டுகளின் உரிமை சென்னையில் சுரமாலை என்ற கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி அவற்றைக் கிடங்கில் போட்டுப் பூட்டியிருந்தது. விற்கவும் இல்லை, ரேடியோவுக்குக் கொடுக்கவும் இல்லை. எப்போதோ கேட்டவர்களின் ஞாபகத்தில் மட்டும், ஆளுக்கொரு துண்டாக, அந்தப் பாட்டுகள் உயிரோடு இருந்தன.

புஷ்பபாய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. அண்ணன் பொன்னுதாசின் வீட்டில் பின்பக்க அறையில் தையல் மெஷினோடு இருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். அந்த வீட்டில் அவளைப் பட்டினி போட்டதும் இல்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் இல்லை. பேசியதே இல்லை என்பதுதான் சரி. "சாப்பிட்டியா?" என்பதும் "பொத்தான் வச்சாச்சா?" என்பதும் பேச்சில் சேராது. கிறிஸ்தவ சபையில் அவளை 'இரண்டாம் ஓலைக்காரி' என்று சொல்வார்கள், அவள் முதுகுக்குப் பின்னால், ஆனால் அவளுக்குக் கேட்கும்படி. அவர்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகருக்கு உதவியான உபதேசியார் எழுந்து வாசிப்பார். எழுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வருமுன் மாப்பிள்ளை பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான். யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணம் தானாகவே நின்றுபோயிற்று. அதற்கப்புறம் சபையில் இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேருக்கு மூன்று ஓலையும் வாசித்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் கேட்டிருக்கிறாள்.

கிணற்றிலோ அவள் வேறு ஆள். சரசம்மாவின் எந்தப் பாட்டில் எங்கே வீணை நிற்கும், எங்கே குரல் ஒரு நூல் இறங்கும் என்று கேட்டால் அவளைத்தான் கேட்க வேண்டும். "பாறசாலை அக்கா என்ன சொல்லுது?" என்று பூவாரில் பொன்னையன் காத்திருப்பான். அவள் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் ஷியாமளாதான். ரப்பர் தோட்டத்துக்காரரின் மனைவி, நாலு பேரோடு சண்டை போடாவிட்டால் காலை விடியாத சுபாவம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. 'அக்கரையில் விளக்கு வைத்தேன், ஆள் வரும் வரை' என்று ஒரு பாட்டு. அதில் 'ஆள்' என்ற சொல்லுக்கும் 'வரும்' என்ற சொல்லுக்கும் நடுவில் சரசம்மாவின் குரலில் ஏதோ ஒன்று நடக்கும். "அது மூச்சு எடுக்கியதாக்கும், அக்கா" என்பாள் ஷியாமளா. "மூச்சா? உனக்குக் காது உண்டா மக்கா? அது அழுகையாக்கும்" என்பாள் புஷ்பபாய். மூன்று வருஷம் இந்தச் சண்டை நடந்தது. ஊர்கள் இரண்டு கட்சியாயின. கள்ளிக்காடு முதலில் மூச்சுக் கட்சியில் இருந்து, அரை நாள் பிந்தி அழுகைக் கட்சிக்கு மாறியது. இதற்குள் மறந்துபோன சரணங்களுக்குப் பதிலாகச் சொந்தச் சரணங்களையும் கட்டிவிட்டார்கள். பால் வடியும் மரத்தடியில் விடிகாலையில் நின்றேன் என்று அம்பூரியில் ஒன்று. பொழிமுகத்து மணல் திறந்தது, உன் தோணி எங்கே என்று, ஆறு கடலில் விழும் பூவாரில் ஒன்று. நெய்யாற்றின்கரையில் ஒரு கணக்கு வாத்தியார் முக்கால்வாசி மலையாளத்தில் ஒன்று கட்டினார். அதில் கணக்கு கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் எல்லாரும் பாடினார்கள். எது சரசம்மா பாடியது, எது நாம் கட்டியது என்று பிரிக்கிற அக்கறை யாருக்கும் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில் காப்புரிமைச் சட்டத்தை இறுக்கினார்கள். கள்ளக் கேசட் போடுகிறவனுக்கு ஜெயில் என்று பேப்பரில் வந்தது. சட்டம் வந்ததும் எல்லாக் கம்பெனிகளும் தங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தன. முப்பது வருஷம் ஞாபகம் வராத சரசம்மா அப்போதுதான் சுரமாலைக்கு ஞாபகம் வந்தார். திருவனந்தபுரத்தில் அவர்களுக்குக் கிருஷ்ணன்குட்டி என்று ஒரு பிரதிநிதி இருந்தார். மெலிந்த மனிதர், கைப்பை ஒன்று கக்கத்தில் இருந்தபடியே இருக்கும், சட்டத்தின் பிரிவுகளை எண்ணோடு சொல்வார். கேசட் கடைகளைச் சோதித்துக்கொண்டு தெற்கே வந்தவர், நெய்யாற்றின்கரையில் சோடா குடிக்க நின்ற இடத்தில் ஒரு கிணறு சரசம்மா பாடுவதைக் கேட்டார். சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். கிணறு பாடுகிறது என்பதில் சென்னையில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அனுமதி வாங்கிப் பாடுகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

அதிலிருந்து நோட்டீஸ் வரத் தொடங்கியது. யார் பாடினாலும், எந்தக் கிணற்றில் கேட்கிறதோ அந்தக் கிணற்றுக்காரர்தான் பொறுப்பு. சொந்தமாகச் சரணம் கட்டினால் அது பாட்டைச் சிதைத்த குற்றம். வார்த்தை இல்லாமல் முனகினால் மெட்டைக் களவாடிய குற்றம். ஒரே ஒரு பாட்டு கேட்டாலும் முழுக் கிணற்றையும் மூடி அரக்கு வைக்கப்படும். "அப்பம் வெள்ளம் கோர எங்க போறது?" என்று சந்தையில் ஒருத்தி கேட்டாள். சட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று கிருஷ்ணன்குட்டி உண்மையைச் சொன்னார். அவர் ஒரு கிணற்றையும் மூடவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. ஜனங்களே மூடிக்கொண்டார்கள். நெய்யாற்றின்கரைக் கணக்கு வாத்தியார் தன் கிணற்றில் 'இங்கு பாடக்கூடாது' என்று இரண்டு மொழியில் பலகை எழுதி மாட்டினார். பூவாரில் பொன்னையன், கிணற்றைப் பார்த்தால் ஆசை வரும் என்று குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனான். எஞ்சியவர்கள் வம்பு வேண்டாம் என்று கிணற்றில் குனிந்து, "இங்க மழை" என்று மட்டும் சொன்னார்கள். மழையைப் பற்றிய பேச்சைக் கிணறு கொண்டுபோகாது அல்லவா? ஆகவே எங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் ஓணத்துக்கு முந்தைய மாதம், சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் வெறும் கிணறுகளாக இருந்தன.

பொன்னுதாஸ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் உறுப்பினர். பலகை எல்லாம் அவருக்குப் போதாது. முற்றத்தில் கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, கிணற்று வாய்க்கு அளவாக ஒரு கான்கிரீட் ஸ்லாப் வார்த்தார். தூக்க நாலு இரும்பு வளையமும் வைத்தார். "போலீசு வீட்டுக்கு வந்தா நான் சபையில எப்படி முகத்தைக் காட்டுவேன், புஷ்பம்?" என்றார். பத்து வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. கான்கிரீட் இறுக மூன்று வாரம் தண்ணீர் விட வேண்டும். வீட்டில் தண்ணீர் இறைக்கிறவள் புஷ்பபாய். ஆக, தன் கிணற்றை மூடப்போகிற ஸ்லாப்புக்கு அதே கிணற்றிலிருந்து காலையும் மாலையும் அவளே தண்ணீர் கோரி ஊற்றினாள். ஊற்றாமல் விட்டால் வெடித்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் யூனிஃபார்மில் ஒரு தையலைக்கூடத் தளர்வாகப் போடத் தெரியாத கை அது, நன்றாகவே ஊற்றினாள். ஊற்றிவிட்டு அழுதாள்.

அந்த மூன்று வாரத்தில் முதல் வாரம் கிருஷ்ணன்குட்டி அவள் வீட்டுக்கே நேரில் வந்தார், சாட்சிக்கு டேப் ரெக்கார்டரோடு. அம்பூரியில் ஷியாமளா, தன் கிணற்றை மூடியிருந்த பலகையின் இடுக்கு வழியாக அடக்கமுடியாமல் விளக்குப் பாட்டை எடுத்தாள். கிருஷ்ணன்குட்டி ரெக்கார்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். பாட்டு மேலே வந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஷியாமளா வழக்கம்போல அவசரப்பட்டாள். கிருஷ்ணன்குட்டியின் முகம் சுளித்தது. "அய்யோ, அங்க வயலின் கழிஞ்சிட்டல்லே பாடணும்!" என்று கிணற்றுக்குள் கத்தினார். பாட்டு பாதியில் நின்றது. பிறகு, "அது யாரு, விவரம் தெரிஞ்ச ஆளா இருக்கே?" என்றது. அவர் இருமினார், கைப்பையைத் திறந்தார், மூடினார். "என் அம்மைக்கு இந்தப் பாட்டு இஷ்டம்" என்று புஷ்பபாயிடம் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். ரெக்கார்டரில் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே பதிவாகியிருந்தது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டு, ஜனம் கூடுகிற இடங்களில் வாசிக்க வேண்டிய நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார். கோயிலில் அதை மைக்செட்டில் வாசித்தார்கள். வாசிப்பதற்கு முன்னும் பின்னும் சந்தையில் வாங்கிய கள்ளக் கேசட் அந்த மைக்கில் பாடிக்கொண்டிருந்தது.

சபைக்கு வந்த நோட்டீஸ் உபதேசியார் சுந்தரதாசின் கைக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர், முப்பது வருஷமாக சபையில் ஒரே ஒரு வகை அறிவிப்பைத்தான் வாசித்திருக்கிறார். கம்பெனியின் வக்கீல் எழுதியிருந்தது இது: 'மேற்படி கம்பெனியும் மேற்படி சரசம்மா பாடல்களும் பிரிக்கமுடியாதபடி இணைந்தவை என்று இதனால் அறிவிக்கப்படுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்று வாரத்துக்குள் தெரிவிக்கலாம்.' இரண்டு பேர் இணைகிறார்கள், மூன்று வாரம் அவகாசம், ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள். இது என்னவென்று சுந்தரதாசுக்குச் சந்தேகமே வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் இரண்டு கல்யாண ஓலைக்கு அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். சென்னை சுரமாலை கம்பெனிக்கும், ஊர் பேர் தெரியாத சரசம்மாவின் பாடல்களுக்கும் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இது முதலாம் ஓலை, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக்கடவர்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை முந்தானையில் மறைத்தார்கள். போதகர் யோசுவா நிமிர்ந்து பார்த்தார். ஆனால் வாசித்த ஓலையைத் திரும்ப வாங்க வழியில்லை. முதலாம் ஓலை வாசித்தால் இரண்டாம் ஓலையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த ஞாயிறு அதுவும் வாசித்தாயிற்று. கிருஷ்ணன்குட்டிக்குச் செய்தி போனது. தன் நோட்டீசை இவ்வளவு பயபக்தியோடு வாசித்த இடம் வேறில்லை என்று அவருக்குச் சந்தோஷம். மூன்றாம் ஞாயிறு நானே வருகிறேன் என்றார்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் ஸ்லாப் இறுகிவிட்டது. திங்கள்கிழமை தூக்க நாலு ஆள் சொல்லியாயிற்று. சாயந்திரம் புஷ்பபாய் கிணற்றில் குனிந்து, "ஷியாமளா?" என்றாள். வெகுநேரம் கழித்து, "அக்கா, பலகை போட்டிருக்கு. இடுக்கு வழியாத்தான் பேசுறேன்" என்று வந்தது. "திங்கக்கிழமை எனக்கும் ஸ்லாப்பு போடுகு. அது இடுக்கு இல்லாத ஸ்லாப்பாக்கும்" என்றாள் இவள். "பின்னே நான் யாருகிட்ட சண்டை போடுவேன், அக்கா?" என்றாள் ஷியாமளா. இது சரசம்மாவைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கிணறு அதைக் கொண்டுவந்தது. இந்தப் பூமியில் தன்னைத் தேடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கும் தனக்கும் நடுவில் நாளைமறுநாள் கான்கிரீட் வரப்போகிறது என்பது புஷ்பபாய்க்கு அந்த நிமிஷத்தில் முழுசாக உறைத்தது.

ஞாயிறு சபை நிறைந்திருந்தது. கிருஷ்ணன்குட்டி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து, எப்போது எழுந்து நிற்பது எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். பொன்னுதாஸ் முன் வரிசையில் இருந்தார். சுந்தரதாஸ் எழுந்தார். "இது மூன்றாம் ஓலை" என்றார். தடை ஏதும் உண்டோ என்று கேட்டார். அந்தச் சபை கட்டின காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அடுத்த பாட்டு எண்ணைச் சொல்வதுதான் வழக்கம். அவரும் எண்ணைச் சொல்ல வாயெடுத்துவிட்டார். "தடை உண்டு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சபை முழுக்கத் திரும்பியது. இரண்டாம் ஓலைக்காரி எழுந்து நின்றிருந்தாள்.

போதகர் யோசுவாவுக்கு விதி தெரியும், பயன்படுத்தியதில்லை. "காரணம் சொல்லணும், அம்மா" என்றார். "ஐயா, முப்பது வருஷமாட்டு இந்தக் கம்பெனி இந்தப் பாட்டுகளைத் திரும்பிப் பார்க்கல்ல. இருட்டுல போட்டுப் பூட்டிட்டுப் போச்சு. அதுகளுக்கு வெள்ளம் குடுத்தது நாங்களாக்கும். இப்பம் உரிமை சொல்லிட்டு வந்திருக்கு" என்றாள். அப்புறம், "அது மட்டுமில்ல ஐயா, அதுகளுக்கு இங்க பிள்ளைகள் உண்டு" என்றாள். சுந்தரதாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஓலை வாசித்த கல்யாணத்தில் பெண்ணுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் உண்டு என்று தெரிவது எந்தச் சபையிலும் சின்ன விஷயம் இல்லை. "ஏது பிள்ளைகள்?" என்றார் போதகர்.

புஷ்பபாய் பாடினாள். கிணற்றுக்கு வெளியே அவள் பாடி ஒருவரும் கேட்டதில்லை. அம்பூரிச் சரணத்தைப் பாடினாள். பூவார்ச் சரணத்தைப் பாடினாள். கணக்கு வாத்தியாரின் மலையாளச் சரணத்தையும் விடவில்லை. சபையின் பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு கிணறு உண்டு. முதலில் அது கூடப் பாடத் தொடங்கியது. பிறகு ரோட்டுக்கு அப்பால் உள்ள கிணறுகள், பலகை போட்டவை, வலை போட்டவை, ஓலைக்கீற்றுப் போட்டு மூடியவை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சபைக்குள் ரப்பர் புகையும் உப்பும் மணத்தன. ஆலயத்தில் சினிமாப் பாட்டு கேட்டது அதுவே முதல் தடவை. யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபம் சொல்கிற வேலையை அன்றைக்கு ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். கடைசியில் பல்லவிக்குத் திரும்பினாள். 'அக்கரையில் விளக்கு வைத்தேன், ஆள்' என்று பாடி, 'வரும்' என்று சொல்லுமுன் அவள் குரலில் என்னவோ நடந்தது. கிணறுகள் எல்லாம் அவளுக்காக அந்த இடத்தில் நின்றன. பிறகு, 'வரும் வரை' என்று சேர்ந்து முடித்தன. முன் வரிசையில் பொன்னுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது கல்யாணம் இல்லல்லோ! நோட்டீஸ் அல்லே?" என்று கிருஷ்ணன்குட்டி கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். அவர் குரலில் அவ்வளவு பலம் இல்லை. "ஓலையாட்டு வாசிச்சாச்சு இல்லியா? மூணு வாரமாட்டு வாசிச்சது உங்களுக்கும் தெரியும்தானே? தடை சொல்லியாச்சு. இனி விசாரணை முடியாம யாரும் யாரையும் கொண்டுபோகக் கூடாது" என்றார் போதகர். விதி அப்படித்தான் இருந்தது. கிருஷ்ணன்குட்டி சென்னைக்கு அதை அப்படியே தெரிவித்தார். கம்பெனியின் வக்கீல்கள் மூன்று மாதம் யோசித்தார்கள். மத அதிகாரத்தின் முன் உரிமைத் தகராறு நிலுவையில் இருக்கும்போது கிணறுகளில் கைவைப்பது ஆபத்து என்று முடிவு செய்து, கோப்பை மேல் தட்டில் வைத்தார்கள். அந்த ஞாயிறுக்கு மறுநாள் வந்த நாலு ஆளையும் பொன்னுதாஸ் திருப்பி அனுப்பவில்லை. ஸ்லாப்பைத் தூக்கிக் கிணற்றுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். நல்ல இறுகிய கான்கிரீட். துணி துவைக்க அதைவிட நல்ல கல் அந்தப் பக்கத்தில் கிடையாது. வளையத்தில் இப்போதும் சோப்புப் பெட்டி தொங்குகிறது.

விசாரணை ஒழுங்காக நடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடும். சம்பந்தப்பட்ட பாடல்களை நேரில் விசாரிக்க வேண்டும் என்பதால் சபைக் கிணற்றுக்கரையில் எல்லாவற்றையும் முழுசாகப் பாடுவார்கள். பொழுது போதாமல் அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்து, டீயும் பருப்புவடையும் சாப்பிட்டுக் கலைவார்கள். பொன்னுதாஸ் விசாரணைக்குச் செயலாளர். வருகிறவர்களைக் கேள்வி கேட்க வேண்டியிருந்ததால் தங்கையிடம் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை, இதைப் பற்றி அவர் மனைவிக்கு வருத்தம் உண்டு. கிருஷ்ணன்குட்டி எதிர்த்தரப்பு என்ற முறையில் எல்லா விசாரணைக்கும் வந்தார். வயலின் வரும் இடங்களை அவர் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவர் விசாரணை இல்லாத ஒரு நாளில் வந்தார். சென்னைக் கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்து சரசம்மாவின் தட்டுகள் எல்லாம் அப்பளமாக வளைந்துபோயிருந்தன. கம்பெனிக்கு அந்தப் பாட்டுகள் இனி இந்தக் கிணறுகளில்தான் இருந்தன. அனுமதி கேட்டுவர அவரை அனுப்பியிருந்தார்கள். புஷ்பபாய் கிணற்றைக் கேட்டாள். கிணறு மற்றக் கிணறுகளைக் கேட்டது. கள்ளிக்காட்டின் சம்மதம் அரை நாள் பிந்தி வந்தது. இந்தத் தடவை ரெக்கார்டரில் எல்லாம் பதிந்தது. பிள்ளைச் சரணங்களைத் தனியாகப் பிரிக்கக் கம்பெனியால் முடியவில்லை. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றும் கூடவே வந்தது. அப்படியே கேசட் போட்டார்கள், மேலே 'அசல்' என்று அச்சடித்து. வாங்கினவர்களின் டேப் ரெக்கார்டர்களில் லேசாக ஈரம் தங்கியது. பூவார்ச் சரணத்துக்கு அப்புறம் உள்ளே உப்புப் பூத்தது. கேட்டவர்கள் யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கிருஷ்ணன்குட்டி மறுபடியும் வந்து கிணற்றுக்கரையில் நின்றார். கோயம்புத்தூரிலும் துபாயிலும் ஆட்கள் இரண்டு கட்சியாகி அடித்துக்கொள்கிறார்களாம். விளக்குப் பாட்டில், 'ஆள்' என்பதற்கும் 'வரும்' என்பதற்கும் நடுவில் கேட்பது என்ன என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறார்களாம். அந்த இடத்தில் இருப்பது சரசம்மா இல்லை. அன்றைக்கு ஆலயத்தில் புஷ்பபாய்க்கு நடந்ததைக் கிணறுகள் பிடித்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து அப்படித்தான் பாடிவந்தன. முன்பு எப்படி இருந்தது என்று அவற்றுக்கும் ஞாபகம் இல்லை. "சேச்சி, அது மூச்சோ, கரச்சலோ?" என்று கேட்டார் கிருஷ்ணன்குட்டி. கிணற்றுக்குள் அம்பூரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க அக்கா, நானும் இத்தனை வருஷமாட்டு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ஷியாமளா. பூவாரில் பொன்னையன் வலையைக் கீழே போட்டான்.

புஷ்பபாய் கயிற்றைக் கப்பியில் போட்டாள். "பாட்டு எல்லாருக்கும் உள்ளது. யாரு வேணும்னாலும் பாடட்டு, அழிச்சு எழுதட்டு. அது மட்டும் எனக்குள்ளதாக்கும்" என்றாள். பிறகு, "கொஞ்சம் மாறி நில்லுங்க சாரே, அரிசி போட நேரமாச்சு" என்று வாளியை இறக்கினாள். கிருஷ்ணன்குட்டி விலகி நின்றார். வாளி தண்ணீரைத் தொட்டதும், "எனக்கு அப்பமே தெரியும், அது மூச்சாக்கும்" என்று ஷியாமளா தொடங்கினாள்.